பதில் வராத வீடுகள்

அந்த அலுவலகத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. யார் எந்தத் துறையின் தேவையைக் கணிக்கிறார்களோ, அதுவே அவர்கள் பெயர். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் கேஸ் சார். கதவோரம் எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டிருப்பவர் எண்ணெய் சார். இருவருக்கும் நடுவில், வீடுகளைச் சூடாக்க எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கணக்குப் போடுபவள் வெப்பம் மேடம். பதினொரு வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவள் கை என்னவோ எப்போதும் சில்லென்றுதான் இருக்கும்.

மூவர் கணக்கும் ஒன்றோடொன்று பின்னியது. வீடுகளுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று முதலில் அவள் சொல்ல வேண்டும். அதில் எவ்வளவு குழாயில் வரும் என்று கேஸ் சார் சொல்வார். மிச்சம் எண்ணெய் சார் தலையில் விழும். வரவும் தேவையும் சமமானால் திரையில் பச்சை வரும். இயக்குநருக்குப் பச்சை என்றால் உயிர்.

அந்தக் குளிர்காலத்தில் பச்சை லேசில் வரவில்லை. குழாயில் வரும் கேஸ் பாதியாகிவிட்டது. வெளியே பனி முழங்கால் வரை. ஏதாவது ஒரு வட்டாரத்துக்கு ஐந்து நாள் கேஸை நிறுத்தியே ஆக வேண்டும். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டி அதிகம் உள்ள இடத்தில் நிறுத்தினால் ஜனங்கள் எண்ணெய்க்கு மாறிச் சமாளித்துக்கொள்வார்கள். அவளுடைய அட்டவணை மூன்றாம் வட்டாரத்தைக் காட்டியது. அங்கே பத்து வீட்டுக்கு எட்டு வீட்டில் தொட்டி.

மூன்றாம் வட்டாரத்தில்தான் அவள் அக்கா இருந்தாள். அம்மா போன பிறகு இவளைப் படிக்கவைத்து ஆளாக்கியவள். மூச்சிரைப்புக்காரி, தனிக்கட்டை. சொந்த அக்கா இருக்கிறாள் என்பதற்காக அட்டவணையை மாற்ற முடியுமா? மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் அக்கா வீட்டுப் பின்பக்கம் அந்த நீலத் தொட்டியை இவளே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன் செய்தாள்.

"அக்கா, நாளையிலேருந்து அஞ்சு நாளைக்கு அங்க கேஸ் வராது. எண்ணெய்க்கு மாத்திக்க, என்ன?"

"நீதான் நிறுத்துறியா?"

"நான்னு இல்ல. கணக்கு அப்படி வருது."

"நீ போட்ட கணக்குன்னா சரியாத்தான் இருக்கும். என்னப் பத்திக் கவலப்படாத. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு."

இரண்டாம் நாள் பேசியபோது அக்கா நிறைய இருமினாள். "போர்வைக்குள்ள ராணி மாதிரி இருக்கேன்டி" என்றாள். இவளும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலை எண்ணெய் சார் வந்து நின்றார். வாயில் எதுவும் இல்லை.

"மேடம், மூணாம் வட்டாரத்துல எண்ணெய் விக்கவே இல்ல. லாரியெல்லாம் ரொம்பினபடியே நிக்குது. டீலருக்கு ஒரு போன்கூட வரலையாம்."

"தொட்டியில ஏற்கெனவே இருக்கும் சார்."

"எட்டாயிரம் வீட்லயுமா?"

அவள் மூல அட்டவணையைத் திறந்தாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீடுவீடாகப் படிவம் போகும். பதில் வராத வீட்டுக்குப் பழைய பதிலையே போட்டு நிரப்பிவிடுவார்கள்; வெறும் கட்டம் இருந்தால் தேவையைக் கணிக்கும் மாடல் ஓடாது. இந்த விதியை எழுதியவளே அவள்தான், வேலைக்குச் சேர்ந்த புதிதில். வந்த பதிலும் நிரப்பிய பதிலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. பதில் வந்த தேதியை வைத்துப் பார்த்தால், மூன்றாம் வட்டாரத்தில் முக்கால்வாசி நிரப்பியவை. அக்காவின் வரிசையைத் தேடினாள். தொட்டி ஒன்று, ஆள் ஒன்று, பழைய பதில். அக்காவுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

இயக்குநர் அறைக்கு ஓடினாள். "சார், மூணாம் வட்டாரத்துக்குக் கேஸத் திறந்துவிடச் சொல்லுங்க."

"ஏம்மா? கேஸ்ல நாம கணிச்சதுக்கும் நடந்ததுக்கும் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லையே."

"மூடுன குழாயில எப்படி சார் வித்தியாசம் வரும்? அங்க கேஸும் இல்ல, எண்ணெயும் வாங்கல. அப்ப வீடெல்லாம் எதுல சூடாகுது?"

அவர் திரையைப் பார்த்தார். பச்சையாகத்தான் இருந்தது. "மேல பேசிப் பாக்கறேன்" என்றார்.

அவள் காத்திருக்கவில்லை. எண்ணெய் சார் தன் காரில் கூட்டிப்போனார். அக்கா வீட்டுப் பின்பக்கம் தொட்டி இருந்த இடத்தில் நாலு செங்கல்லும் பனியும்தான் கிடந்தன. எடுத்து இரண்டு வருடம் ஆகிறது, நாற்றம் அக்காவின் மூச்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கேஸே போதும் என்று எல்லாரும் எடுத்துவிட்டதால், தெருவில் யார் வீட்டிலும் இப்போது தொட்டி இல்லையாம். இவள் இந்த வாசலை மிதித்து மூன்று வருடம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே ஓட்டியிருந்தாள்.

அக்கா, இருந்த ஸ்வெட்டரையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கட்டிலில் சுருண்டிருந்தாள். அவள் கையைத் தொட்டதும் இவளுக்குத் தெரிந்துவிட்டது. பெற்றவளைப் பறிகொடுத்த நாளில்கூட இவள் அப்படிக் கதறியதில்லை.

மாத்திரை டப்பாவுக்கு அடியில் அந்தப் படிவம் மடித்து வைத்திருந்தது. ஒரு கட்டமும் நிரப்பவில்லை. மேலே மட்டும் அக்காவின் கோணல் எழுத்து: 'தங்கச்சி ஆபீஸ். அவளுக்கே தெரியும்.'

அன்று சாயங்காலம் கேஸைத் திறந்துவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் இன்னும் எத்தனை வீட்டில் இப்படி என்று அலுவலகத்தில் யாரும் எண்ணவில்லை. அதற்கு அட்டவணையில் கட்டம் கிடையாது. மாதக் கடைசி அறிக்கையில் கணிப்பில் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை என்று இயக்குநர் மறக்காமல் எழுதினார்.

காரியங்கள் முடிந்து வேலைக்கு வந்த அன்று, அவள் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்காவின் வரிசையைத் திறந்தாள். தொடாமல் விட்டால் அக்கா அங்கே அப்படியே இருப்பாள், ஒரு ஆளாக, ஒரு தொட்டியோடு, கதகதப்பாக. வெகுநேரம் விரலை வைக்க மனசு வரவில்லை. பிறகு தொட்டி என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். ஆள் என்ற கட்டத்திலும் போட்டாள்.

மாடல் மறுபடி ஓடியது. மூன்றாம் வட்டாரத்தின் தேவை ஒரு துளி குறைந்தது. திரை பச்சையாகவே இருந்தது.