பார்த்தாச்சு

அம்மாவின் முழங்கையில் கன்றிப்போயிருந்த இடம் மறையும்படி சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, கூடத்தில் அண்ணன் பேசுவது மகளின் காதில் விழுந்தது.

"அந்தப் பொம்பள லீவு போட்டுட்டுப் போயிட்டா. அவ இருந்திருந்தா அம்மா இந்நேரம் உக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருப்பாங்க."

அவள் கை நின்றது. அந்தப் பொம்பளையாம்! நேற்றுக் காலை வரைக்கும் வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டவன். அம்மாவைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்ட அந்த அக்கா சமையலறை வாசலில் ஒண்டி நின்றிருந்தாள். பிரசவமான மகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஓடி வந்தவள். அவளை உட்காரச் சொல்ல அந்த வீட்டில் ஒரு நாதியில்லை.

"ஏஜென்சியில சொல்லியாச்சு. இனிமே எந்த வீட்டுக்கும் அவள அனுப்ப மாட்டாங்க" என்றான் அண்ணன். கூடத்தில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

அம்மாவின் பக்கத்தில் இருந்தபடியே மகள் அலமாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

அதன் மேல்தான் அந்தக் கேமரா இருந்தது. அண்ணன் வாங்கி மாட்டியது. அறையில் எது அசைந்தாலும் மூன்று பிள்ளைகளின் போன்களும் ஒன்றாக அலறும். ஒருவர் 'பார்த்தாச்சு' என்பதைத் தொட்டால் மூன்றும் வாயை மூடிக்கொள்ளும், தொட்டது யார் என்றும் காட்டும். நாளுக்கு ஒருவர் முறை. பெற்றவளைப் பார்த்துக்கொள்வது அந்தக் குடும்பத்தில் ஒரு விரல் வேலையாகச் சுருங்கியிருந்தது. அண்ணனோ அதைப் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டான். "எதுன்னாலும் கேமராவப் பாத்துக் கைய ஆட்டும்மா, அடுத்த நிமிஷம் ஆள் வரும்" என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

நேற்று அவன் முறை. "கேமரா இருக்குல்ல, நான் பாத்துக்கறேன், நீங்க பொண்ணப் போய்ப் பாருங்கக்கா" என்று அந்த அக்காவை அனுப்பி வைத்தவனும் அவனே.

நேற்றுக் காலையில் தங்கையான அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். பைக்குள் போன் அலறியது, உடனே அடங்கியது. மறுபடி அலறியது, மறுபடி அடங்கியது. அண்ணன் பார்க்கிறான் என்ற நிம்மதியில் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். சாயங்காலம் வேனை நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தபோது அம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தாள். உடம்பு ஆறிப்போயிருந்தது.

கேமராவில் பதிவாகியிருந்ததை அப்புறம்தான் பார்த்தாள். விழுந்த அம்மா கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள். சற்று ஓய்கிறாள். மறுபடி ஆட்டுகிறாள். ஒவ்வொரு அலறலுக்கும் பக்கத்தில் அண்ணன் தொட்டதாக இருந்தது. அம்மா அப்படிக் கிடந்ததை ஊர் பார்க்கக் காட்டுவதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். அண்ணன் வந்தவுடன் செய்த முதல் காரியம் கேமராவின் பிளக்கைப் பிடுங்கியதுதான். அம்மாவின் முகத்தைப் பார்த்தது அதற்கப்புறம்.

தம்பி அறைக்குள் வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"இப்ப வேண்டாம்க்கா. எல்லாம் முடியட்டும்."

"இன்னும் என்னடா முடியணும்? முடிஞ்சுதானே கிடக்கா!"

"அண்ணன் வேணும்னா பண்ணுச்சு? திரைச்சீல ஆடுனாக்கூட அடிக்குது. மனுஷன் மீட்டிங்ல இருப்பானா, இதப் பாப்பானா?"

"பாக்க முடியலன்னா தொடாம விட்டிருக்கணும். அடிச்சுக்கிட்டே இருந்திருந்தா நான் வண்டிய ஓரங்கட்டிட்டு எடுத்துப் பாத்திருப்பேன்ல?"

தம்பி கதவை மறித்து நின்றான். அவள் அவனை விலக்கிவிட்டு கூடத்துக்குப் போய் அந்த அக்காவின் பக்கத்தில் நின்றாள்.

"இவங்களுக்கு லீவு குடுத்தது யாருண்ணே?"

அண்ணன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அதெல்லாம் வீட்டு விஷயம், அப்புறம் பேசிக்கலாம்."

"ஏஜென்சிக்குப் போன் பண்ணும்போது வீட்டு விஷயமாத் தெரியலையா? நேத்து யாரோட முறை? அதச் சொல்லு."

"என் முறைதான், இல்லைங்கல. ஆனா ஒண்ணுமே அடிக்கலயே! அடிச்சா பாக்காம இருப்பேனா? அது ரிப்பேர். எல்லாரும் இருக்கிற இடத்துல மானத்த வாங்காத."

பெற்றவள் பிணமாகக் கிடக்கும் வீட்டில், பழியைச் செத்துப்போன மெஷின் மேல் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்தவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்த அக்கா அவள் கையைத் தொட்டு, "வேண்டாம்மா, விடுங்க. அம்மா இருக்கிற இடத்துல சண்ட வேண்டாம்" என்றாள்.

அவள் விட்டுவிட்டாள். அல்லது விட்டதுபோல் அறைக்குத் திரும்பினாள். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, பிளக்கை எடுத்துச் செருகினாள். சின்னப் பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது; அது முழுசாக விழித்துக்கொள்ளச் சில நிமிஷம் ஆகும்.

வாசலில் வண்டி வந்து நின்றது. அம்மாவை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, தலைமாட்டில் ஒரு பக்கம் அண்ணனும் மறுபக்கம் தம்பியும், கால்மாட்டில் உறவுக்காரர்கள் இருவரும் பிடித்தார்கள். கூடத்துச் சனம் கதவடியில் கூடி நின்றது.

"தூக்குங்கப்பா. மெல்ல."

தூக்கினார்கள். மூன்று போன்களும் ஒன்றாக அலறின.

அண்ணனின் வலது கை ஸ்ட்ரெச்சரை விட்டது. சட்டைப் பையிலிருந்து போனைப் பாதி வெளியே இழுத்தது. கட்டைவிரல் அதன் பாட்டுக்கு இடம் தேடிப்போய்த் தொட்டது. அவன் கண்கள் ஸ்ட்ரெச்சர் போகவேண்டிய கதவைப் பார்த்தபடியே இருந்தன. மூன்று போன்களும் அடங்கின.

ஸ்ட்ரெச்சர் அவன் பக்கமாகச் சாய, அம்மாவின் தலை சரிந்து கம்பியில் மோதியது. பாதி வெளியே வந்த போனைக் கையில் பிடித்தபடி அண்ணன் மெதுவாக அலமாரியை நிமிர்ந்து பார்த்தான். தோளைத் தட்டிக்கொடுத்தவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த அக்கா வந்தாள். சரிந்த தலையை நேராக்கி வைத்துவிட்டு, கம்பியில் இருந்த அவனுடைய இடது கையை எடுத்துவிட்டாள்.

"தள்ளுங்க. நான் பிடிச்சுக்கறேன்."