பனிச்சங்கேணிப் பாலத்தடியில் 36.9

பனிச்சங்கேணிப் பாலத்தின் மூன்றாவது தூணடியில் அள்ளும் தண்ணீர் 2005 ஆனி மாதம் முதல் மனித உடம்பின் சூட்டில் இருந்து வருகிறது. சரியாகச் சொன்னால் 36.9 பாகை. தூணிலிருந்து ஆறடி தள்ளி அள்ளினால் கடலோடு கலக்கும் வாவித் தண்ணீர் வழக்கம்போல 29. இதை முதலில் அளந்தவள் அன்னப்பூரணி. அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

சுனாமிக்குப் பிறகு, இந்து சமுத்திரத்தைச் சுற்றியுள்ள நாடுகள் கடலின் வெப்பத்தை ஒழுங்காக அளந்து ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதென்று தீர்மானித்தன. கப்பல்காரர், மிதவைகள், கரையில் குடியிருப்பவர்கள் என்று யார் அளந்தாலும் எண்கள் ஒரு குளிர்நாட்டிலிருந்த தரவு மையத்துக்குப் போகும். அப்படித்தான் பனிச்சங்கேணிக்கு ஒரு கன்வஸ் வாளியும் ஒரு வெப்பமானியும் ஒரு கட்டுப் படிவமும் வந்தன. புளியந்தீவு அலுவலகத்திலிருந்து அவற்றை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்த முகைதீன்பாவா, பாலத்துக்கு அடுத்த வளவில் இருந்த அன்னப்பூரணிக்கு விதிகளைச் சொல்லிக் கொடுத்தார். வாளியை நிழலில் வைக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். கண்டதை எழுத வேண்டும். எழுதியதை ஒருக்காலும் அழிக்கக் கூடாது. சந்தேகமென்றால் பக்கத்தில் ஒரு குறி இடலாம், அவ்வளவுதான். அவள் அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டாள்.

அவளுடைய கணவன் நல்லரத்தினம், சுனாமி வந்த மார்கழி இருபத்தாறாம் தேதி காலை வலை எடுக்கப் போனவன். தோணியும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. மரணப் பதிவுக்குக் கையெழுத்துக் கேட்டு மூன்று முறை ஆள் வந்தது. அவள் போடவில்லை. அளக்கத் தொடங்கிய பத்தாம் நாள் வெப்பமானி 36.9 காட்டியபோது கருவி பழுதென்று நினைத்து வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பத்து வருடம் பக்கத்தில் படுத்த உடம்பின் சூடு அது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றே இல்லாத அந்தக் காலையில் வாளித் தண்ணீர் மெதுவாக ஏறியது, இறங்கியது, பிறகும் ஏறியது. கண்டதைப் படிவத்தில் எழுதினாள். அன்றிலிருந்து பொட்டைச் சற்றுப் பெரிதாக வைத்தாள்.

அடுத்த வருடம் ஆவணியில் ஒரு நாள் 39.2 வந்தது. மறுநாள் 37. குறிப்புப் பத்தியில் "இரண்டு பனடோல் போடப்பட்டது" என்று இருந்ததை வாசித்துவிட்டு முகைதீன்பாவா ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"என்ன புள்ள இது? கடலுக்குப் பனடோலா?"

"காய்ச்சலெண்டா வேற என்னத்தக் குடுக்கிற நானா? கொத்தமல்லி அவிச்சும் ஊத்தின நான். அத எழுத இடம் காணாமப் போயிற்று."

அவர் தூணடிக்குப் போய்க் கையை நனைத்துப் பார்த்தார். திரும்பி வந்து படிவத்தை அப்படியே உறையிலிட்டார்.

2007 தையில் சண்டை வந்து ஊர் முழுக்க இடம்பெயர்ந்தது. அவள் வாளியையும் வெப்பமானியையும் தூக்கிக்கொண்டு நடந்தாள். மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்த முகாமில் முதல் நாள் அளந்ததும் 36.9. பாலத்தடி குளிர்ந்துவிட்டதாகப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். முகைதீன்பாவா நிலையம் தற்காலிகமாக இடம் மாறியதென்று எழுதினார். ஊர் திரும்பியபோது பாலத்தடிக்குச் சூடும் திரும்பியது.

2008இல்தான் வில்லங்கம் வந்தது. தரவு மையத்தின் கணினி பனிச்சங்கேணி எண்கள் எல்லாவற்றையும் பிழையென்று கண்டு, அவற்றை நீக்கி, சுற்றுவட்டாரத்தின் சராசரியான 28.7ஐ இட்டது. அன்று காலை தூணடித் தண்ணீர் 28.7. பத்தொன்பது நாள் அப்படியே கிடந்தது. இருபதாம் நாள் அன்னப்பூரணி பஸ் ஏறிப் புளியந்தீவுக்கே வந்துவிட்டாள்.

"நானா, அவங்கள் அங்க அழிக்க, இவர் இங்க குளுந்து போனார். நீங்கதானே அழிக்கப்படாதெண்டு சொன்ன?"

"ஓம், நான்தான் சொன்ன." அவர் முகத்தைத் துடைத்தார். "அழாத புள்ள. மூலப் படிவம் என்னட்ட இரிக்கி."

மூன்று வருடப் படிவங்களையும் கையால் நகலெடுத்து அனுப்பினார். மையம் பழைய எண்களைத் திரும்ப இட்டது. அன்றே தண்ணீர் சூடேறியது. ஆனால் கூடவே ஒரு கடிதமும் வந்தது. 2009 முடிவதற்குள் வேறு யாராவது இதே போல அளந்து உறுதிப்படுத்தாவிட்டால், எல்லா எண்களும் நிரந்தரமாக நீக்கப்பட்டு நிலையம் மூடப்படும். அன்னப்பூரணி அந்தக் கடிதத்தை அரிசி வாளிக்குள் வைத்து மூடினாள்.

2009 வைகாசியில் போர் முடிந்தது. அந்த வாரம், ஆட்கள் போகத் தடைசெய்திருந்த வடக்குக் கரைக்கு அப்பால், அந்நியக் கப்பலொன்று கடந்து போனது. அதன் அதிகாரி பனிச்சங்கேணியைக் கேள்விப்பட்டதில்லை. அவர் மையத்துக்கு அனுப்பிய படிவத்தில் இப்படி இருந்தது: "ஒன்பது மைல் நீளத்துக்கு 36.9. வெப்பமானி மூன்று முறை மாற்றப்பட்டது. மாலுமிகள் தொப்பியைக் கழற்றினார்கள். காரணம் கேட்டேன், தெரியாது என்றார்கள்."

அந்தப் படிவத்தின் பேரில், மார்கழியில் ஆறு நாட்டு நிபுணர்கள் பனிச்சங்கேணிக்கு வந்தார்கள். ஒவ்வொருவரும் தம்முடைய வெப்பமானியை வாளிக்குள் விட்டார். ஆறும் 36.9. ஐந்து பேர் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்கள். சுமாத்திராவிலிருந்து வந்தவர் மட்டும் கையை உள்ளே விட்டவர் எடுக்கவில்லை. இது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். முகைதீன்பாவா அதைத் தமிழில் கேட்டார்.

"எங்கட ஆள்தான்" என்றாள் அன்னப்பூரணி.

தங்கள் கரையில் இப்படிப் பதினான்கு இடங்கள் வந்ததாகவும், கருவி பழுதென்று தானே எல்லாவற்றையும் வெட்டிவிட்டதாகவும் அந்த மனிதர் சொன்னார். வெட்டிய பிறகு அவை குளிர்ந்துவிட்டன. முகைதீன்பாவா அதை மொழிபெயர்த்து முடிக்குமுன்பே அவள் கேட்டாள்.

"மூலப் படிவம் இரிக்காமா? கேளுங்க நானா."

இருந்தது. ஒரு கோடு மட்டுமே போட்டிருந்தார், அழிக்கவில்லை. அவள் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர் இடது கையால் வாங்கிக் குடித்தார். வலது கை வாளிக்குள் இருந்தது.

அந்த நிபுணர்களின் கூட்டத்தில், எண்களுக்குப் பக்கத்தில் இடும் தரக்குறிகளோடு புதிதாக ஒரு குறி சேர்க்கப்பட்டது. ஒன்று என்றால் சரி, நான்கு என்றால் பிழை என்றிருந்த வரிசையில், ஏழு என்றால் சரி, நீக்கக் கூடாது, விளக்கம் கேட்கக் கூடாது. சுமாத்திராவின் பதினான்கு இடங்களும் மாசிக்குள் சூடேறின. வடக்குக் கரைக்கு அளக்கப் போக அனுமதி கிடைத்தபோது ஊருக்கு ஒரு வாளி அனுப்பினார்கள். ஊருக்கு ஒன்று போதாதென்று மறுவாரமே கடிதம் வந்தது.

அன்னப்பூரணி இப்போதும் காலை ஆறரைக்கு வாளியை இறக்குகிறாள். 36.9, குறி ஏழு. மழைக்காலத்தில் சிலவேளை அரைப் பாகை கூடும். அன்றைக்குக் கொத்தமல்லி அவிப்பாள். மற்ற நாட்களில் குறிப்புப் பத்தியில் ஒரே சொல்தான் இருக்கும்: சுகம்.