மூன்றாவது மாடி விசில்

தினமும் மாலை நான்கு மணிக்கு நான் பேய் காட்டுகிறேன், சீட்டு வாங்கியவர்களுக்கு மட்டும். ஆற்றங்கரைக் கிடங்கின் கீழ்த்தளத்தில் ஒரு பேய், முதல் மாடியில் ஒன்று, மூன்றாவது மாடியில் ஒன்று. இரண்டாவது மாடியில் பேய் கிடையாது, அங்கே கழிப்பறை கட்டிவிட்டார்கள்.

கீழ்த்தளத்தை முதலில் உப்புக்காகத்தான் கட்டினார்கள். படகு நேராகச் சுவரோரம் வந்து நிற்குமாம். உப்பு வியாபாரம் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் மழைக்காலத்தில் சுவர் இன்னும் உப்புப் பூக்கிறது. அந்த வெள்ளைத் திட்டுகளில் ஒன்று தலைவிரித்த பெண் மாதிரி இருக்கும். அதுதான் முதல் பேய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் கிடங்கில் வெளுத்ததும் பேய். உப்புக்குப் பிறகு தானியம் வந்தது, தானியத்தோடு எலி வந்தது, எலிக்காக வளர்த்த பூனை செத்து இரண்டாவது பேயானது. அது இன்னும் முதல் மாடியில் எலி பிடிக்கிறது என்று சொல்வேன். எலிகளுக்குத்தான் அந்த விஷயம் தெரியாது.

மூன்றாவது பேய் என் வீட்டுக்காரர். இதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. "இங்க வின்ச் ஓட்டின ஒருத்தர் வெள்ளத்துல போயிட்டார், அவரோட விசில் இன்னமும் கேக்குது" என்று நிறுத்திக்கொள்வேன்.

மூன்றாவது மாடியில் ஆற்றைப் பார்த்து ஒரு பெரிய கதவு. வாசலில் வின்ச். கீழே படகில் நிற்பவர்கள் மூட்டைகளைக் கொக்கியில் மாட்டுவார்கள், மேலே அவர் கைப்பிடியைச் சுற்றுவார். ஆற்றுச் சத்தத்தில் பேச்சு கேட்காது, எல்லாம் விசில்தான். ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் தூக்கப் போகிறேன். நீளமாக ஒன்று என்றால் மூட்டைக்கு அடியில் நிற்காதே. இரண்டு விரலை வாயில் வைத்து அவர் அடித்தால் எதிர்க்கரையில் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும். வேலை முடிந்து வரும்போது எங்கள் தெருமுனையிலும் நீளமாக ஒன்று அடிப்பார். அது எனக்கு. வந்துவிட்டேன், வெந்நீர் வை என்று அர்த்தம்.

கடைசி நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரி, "உங்க வீட்டு ரயில் நேத்து லேட்டாமே?" என்று கிண்டலடித்தாள். அந்த எரிச்சலில் அவரிடம் பாய்ந்தேன். "நான் என்ன உங்க மூட்டையா? இனிமே எனக்கு விசிலடிக்காதீங்க!" எனக்கு மூக்குக்கு மேல் கோபம், அப்போதும் சரி இப்போதும் சரி. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மத்தியானம் ஆறு பொங்கியது. கயிறு அறுந்த ஒரு படகைப் பிடிக்க இறங்கியவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

நான்காம் நாளிலிருந்து கிடங்கில் விசில் கேட்டது. எனக்கில்லை, மற்ற எல்லோருக்கும். புதிதாக வந்த வின்ச்காரன் இரண்டே நாளில் ஓடினான். அடுத்தவன் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. கைப்பிடியைத் தொட்டதும் முதுகுக்குப் பின்னால் விசிலாம். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும். நான் தினமும் எழுபத்திரண்டு படி ஏறி அங்கே போய் உட்கார்ந்தேன். நான் இருக்கும்வரை ஒரு சத்தமும் வராது. இறங்கித் தெருவுக்கு வந்தால், "இப்பதான் கேட்டுச்சு" என்பார்கள். பெண் என்றால் பேயும் இரங்குமாம். என் பேய் இரங்கவில்லை, நான் சொன்ன சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

ஒரு மாதத்தில் எனக்கு அங்கேயே வேலை கொடுத்தார்கள். பெருக்க வேண்டும், சாவிக்கொத்தை வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு படகுப் போக்குவரத்து நின்று, கிடங்குக்குச் சாயம் பூசி, வேடிக்கை பார்க்கிற இடமாக ஆக்கினார்கள். அப்போதும் என்னை விட்டால் கதை தெரிந்தவர்கள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. மகன் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி மாதம் ஒருமுறை சண்டை போடுகிறான். எப்படிப் போவேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்காக அவர் விசிலடிக்க வேண்டும். கோபம் தீர்ந்தது என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் அங்கே கிடக்கிறேன். சீட்டு வாங்கிய எவனோ, "நிஜமாவே கேட்டுச்சுங்க!" என்று புல்லரித்துக்கொண்டு இறங்குவான். அவனைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

போன செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் ஒட்டகம் நின்றிருந்தார். அந்தக் காலத்தில் இங்கே மூட்டை தூக்கியவர். நெட்டையான ஆள், முதுகில் கூன், அதனால் அந்தப் பெயர். இரண்டாவது மாடிக்கு மேல் அவரால் ஏற முடியவில்லை. மற்றவர்களை மேலே போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டு அவரோடு படியில் உட்கார்ந்தேன்.

"இன்னுமா அந்த விசில் கதையைச் சொல்லிக்கிட்டிருக்க, தங்கச்சி?"

"கதையா? நீங்களே காதால கேட்டேன்னு சொன்னீங்களே அண்ணே."

அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "மேஸ்திரி போயிட்டார். மத்தவங்களும் போயிட்டாங்க. நான் ஒருத்தன்தான் பாக்கி. சொல்லாம போகக்கூடாது. அது நாங்க அடிச்சதும்மா."

எனக்குப் புரியவில்லை.

"உடம்பு கிடைக்கலையே, எங்கயாவது ஓடிப்போயிருப்பான்னு முதலாளி பேசினார். உனக்கு ஒண்ணும் செய்யமாட்டேன்னுட்டார். எங்களுக்குப் பொறுக்கல. எவன் வந்து வின்ச்சைத் தொட்டாலும் மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சு ஒருத்தன் அடிப்பான். முறை வச்சு அடிச்சோம். மூணாவது ஆளும் ஓடினப்புறம், என்னய்யா பண்றதுன்னு முதலாளியே மேஸ்திரிகிட்ட கேட்டார். அவன் பொண்டாட்டிக்கு ஒரு வேலை குடுங்க, அடங்கிடுவான்னு மேஸ்திரி சொன்னார். நீ சேர்ந்த அன்னிக்கே நிறுத்திட்டோம்."

"போன வாரம்கூட ஒருத்தர் கேட்டேன்னாரே?"

"காத்தா இருக்கும்."

"சரி, நான் மேல வந்து உக்காந்தப்ப எல்லாம்?"

"உன் காலடி படியில கேட்டாலே வாயைப் பொத்திக்குவோம். அவன் விசிலை உன் முன்னாடி அடிக்க எவனுக்கு மனசு வரும்?"

எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை என்று இத்தனை வருஷம் குமைந்தேனே, காரணம் இவ்வளவுதான். எனக்கு மட்டும்தான் அவர்கள் மரியாதை கொடுத்திருக்கிறார்கள்.

"அன்னிக்குக் காலையில வேலைக்கு வந்தப்ப அவர் ஏதாவது சொன்னாரா அண்ணே? என்னைப் பத்தி?"

ஒட்டகம் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அனுபவம்தான் இருக்கிறதே.

"எனக்கு அன்னிக்குக் காய்ச்சல்மா. வேலைக்கே வரல."

நல்ல மனிதர்கள். நான் சாப்பிட்ட சோறு அவர்கள் அடித்த விசில் போட்டது. நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வரவில்லை.

"கோவமா தங்கச்சி?"

"கோவமில்ல அண்ணே. என்கிட்ட பேசாம மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டாவது மேல ஒரு புருஷன் இருந்தாரு. இப்ப அதுவும் இல்ல."

மேலே போனேன். எல்லோரும் கதவோரம் கூடி, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண், "விசில் எப்பங்க கேக்கும்?" என்றாள்.

"கேக்காதும்மா. அவர் என் வீட்டுக்காரர். செத்துப்போயிட்டார்."

அந்த வார்த்தையை அதுவரை நான் சொன்னதே இல்லை. போய்விட்டார் என்பேன், ஆறு கொண்டுபோனது என்பேன். சொன்னதும் வின்ச் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன், இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து. இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்து இரண்டு பேர் கைதட்டினார்கள்.