பிரிஜித்துக்குப் போட்ட துணி

வேலியில் கிடந்த துணியைத் தொடுவதற்கு முன்பே வின்னிக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தொட்டாள். ஒரு மூலையைத் தொட்டு, மறு மூலையைத் தொட்டு, மடிந்திருந்த இடத்திலாவது கொஞ்சம் ஈரம் ஒட்டியிருக்காதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். அடுப்பருகே காயப்போட்டது போல மொரமொரவென்றிருந்தது. இரவெல்லாம் அடித்த வடகாற்று அதன்மேல் செம்புழுதியை அப்பிவிட்டுப் போயிருந்தது. சூரியன் இன்னும் தலைகாட்டவில்லை, அதற்குள் கழுத்து வியர்த்தது.

கப்பலேறுமுன் அவர்கள் இருந்த ஊரில் பிப்ரவரி பிறப்பதற்கு முந்தின இரவு எல்லா வீட்டு வேலியிலும் ஒரு துணி கிடக்கும். புனிதை பிரிஜித் தாயார் அன்றிரவு நாடெங்கும் நடந்து போவாள், போகிற போக்கில் துணிகளைத் தொடுவாள். விடிகாலையில் எடுத்தால் பனியில் நனைந்து கனத்துக் கிடக்கும். மாதாவுக்கே பிரசவம் பார்த்தவள் அவள் என்பதால், பிள்ளை பெறுகிறவள் வயிற்றில் அந்தத் துணியைப் போடுவார்கள். சொந்த மண்ணான கிளேர் பக்கத்தில் அது குளிர் விடுகிற சமயம், பனிக்கு என்ன பஞ்சம்? கொட்டாவி விட்டால் வாய்க்குள் இறங்கும். பூமியின் தென்கோடியில் இருக்கிற இந்த நாட்டிலோ பிப்ரவரி என்றால் கொளுத்துகிற கோடை. தாயார் வந்துதான் போனாளோ, இந்த வெயிலுக்குப் பயந்து கப்பலே ஏறவில்லையோ, யார் கண்டது.

"தொட்டியில முக்கி எடுத்துட்டுப் போயேன்," என்றான் அவள் கணவன் கோர்மக், வாசலில் நின்று பூட்ஸை உதறியபடி. "யாருக்குத் தெரியப் போவுது?"

"அவளுக்குத் தெரியும்."

"எவளுக்கு? உன் சிநேகிதிக்கா, சாமிக்கா?"

"வாயக் கழுவு. நல்ல நாளும் அதுவுமா."

அவன் சிரித்துக்கொண்டே ஆட்டுப்பட்டிக்குப் போய்விட்டான். அவன் சொன்னது வின்னியின் மனதிலும் இல்லாமல் இல்லை. தொட்டியருகே போய்த் துணியைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு முக்கு, அவ்வளவுதான். நிறைமாதமாக இருக்கும் சிநேகிதி சபினாவின் முகம் மலர்ந்துவிடும். முகம் மலர்ந்தாலே பாதிப் பிரசவம் முடிந்த மாதிரி. ஆனால் கை தாழ மாட்டேன் என்றது.

இந்த நாட்டுக்கு வருகிற வழியில், கப்பலில் வின்னிக்கு ஒரு பெண் பிறந்தது. கறுத்துப்போய், மூச்சுக்குத் திணறிக்கொண்டு பிறந்தது. கப்பலில் சாமியார் கிடையாது. எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அதுவரை முகம் கொடுத்துப் பேசியிராத பக்கத்துப் படுக்கைக்காரி சபினா, தன் பங்குக் குடிதண்ணீரைக் குழந்தையின் தலையில் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். கேத்தரின் என்று பெயர் வைத்தாள். பிள்ளை கடலுக்குத்தான் போனது, ஆனால் பெயரோடு போனது. அந்த ஒரு குவளைத் தண்ணீரால்தான் வின்னி பைத்தியம் பிடிக்காமல் இந்த நாட்டில் வந்து இறங்கினாள். அதே சபினாவுக்கு இங்கே இரண்டு பிள்ளைகள் செத்தே பிறந்தன. ஞானஸ்நானம் பெறாததுகளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. இரண்டும் ஓடைக்கரைத் தைலமரத்தடியில் கிடக்கின்றன. அதற்கப்புறம் சபினா செபமாலையைத் தொடவில்லை. "நம்ம சாமிங்கல்லாம் வழியனுப்ப வந்ததோட சரிடி, துறைமுகத்துலயே நின்னுட்டாங்க," என்பாள். அப்படிப்பட்டவள் போன வாரம் தானாகவே கேட்டாள், "எனக்கு ஒரு துணி போட்டு வைப்பியா வின்னி?" என்று. அவளிடம் போய்த் தொட்டித் தண்ணீரைத் தாயாரின் பனி என்று எப்படிச் சொல்வது?

காய்ந்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு மேட்டைத் தாண்டி நடந்தாள். சபினாவுக்கு வலி கண்டுவிட்டிருந்தது. மருத்துவச்சியைக் கூட்டிவர அவள் புருஷன் வண்டி கட்டிக்கொண்டு பக்கத்து ஊரான கில்மோருக்குப் போயிருந்தான். குடிசையில் அவள் தனியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நனைஞ்சுதா?" வா என்று சொல்வதற்கு முன்னால் இதைத்தான் கேட்டாள்.

"இல்லடி. காஞ்சுதான் கெடந்துச்சு."

சபினா துணியை வாங்கி முகர்ந்து பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுக்கையில் மெல்ல உட்கார்ந்தாள். "நான் சொல்லல? இவ்ளோ தூரம் எவ வருவா? நம்மள மாதிரி போக்கத்ததுங்கதான் வரும்."

"வழி தெரியாம எங்கயாவது நிக்கிறாளோ என்னமோ."

"அப்போ என் புள்ளைக்கு எவ வழி காட்டுவா?" அவள் குரல் உடைந்தது. "எனக்கு ஊருக்குப் போகணும் வின்னி. எங்கம்மா வீட்டு வாசல் சேத்துல ஒரு தடவ கால வச்சாப் போதும், அப்புறம் செத்தாலும் பரவால்ல."

அந்தச் சேறு வின்னிக்கும் தெரியும். கால்விரல்களுக்கு நடுவே அது பிதுங்கி ஏறுகிற சில்லிப்பை நினைத்ததும் அவளுக்கும் ஊருக்குப் போக வேண்டும் போலிருந்தது. துணி போடுகிற அந்த பிரிஜித் இரவில், ஊரில் வீட்டு மூத்த பெண்ணை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவார்கள். அவள் தாயாராக நின்று தட்டிக் குரல் கொடுப்பாள். உள்ளே எல்லாரும் மண்டியிட்டு மூன்று முறை 'வரட்டும்' என்று வரவேற்ற பிறகுதான் கதவு திறக்கும், சோறு போடுவார்கள். வின்னி வீட்டில் அவள்தான் மூத்தவள்.

அவள் எழுந்தாள்.

"எங்கடி போற? என்ன விட்டுட்டுப் போவாத!"

"எங்கயும் போவல. இங்கதான் இருக்கேன்."

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். துணியைத் தலையில் போட்டுக்கொண்டாள். வெயில் ஏறிவிட்டது, மந்தை எங்கோ கத்திக்கொண்டிருந்தது. இத்தனை வயசில், பட்டப்பகலில், பார்க்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா? இதுவும் பொய்தானோ என்று ஒரு கணம் யோசித்தாள். ஊரில் அப்படி நின்றபோது யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. கதவைத் தட்டினாள்.

"முட்டி போடுங்க, கதவத் தொறங்க. பிரிஜித்து வந்திருக்கா!"

உள்ளே சத்தமில்லை. பரிகாசம் பண்ணுகிறாள் என்று நினைத்துவிட்டாளோ? வின்னி இன்னொரு முறை தட்டினாள். "தூரத்துலேர்ந்து வந்திருக்கா. உள்ள விடுங்க."

கட்டில் கிறீச்சிட்டது. மண்தரையில் முழங்கால்கள் பதியும் சத்தம் கேட்டது.

"வரட்டும்," என்றாள் சபினா.

நீண்ட மூச்சு. பிறகு வலியில் பாதி முழுகிப்போய் இன்னொரு, "வரட்டும்."

வின்னி சூடேறிய மரப்பட்டைக் கதவில் நெற்றியை வைத்து, கைப்பிடியைப் பற்றியபடி, மூன்றாவதுக்காகக் காத்து நின்றாள்.