கூட்டத்துக்குச் சேர்த்த தலைகள்

எங்கள் வீட்டம்மாவுக்கு அந்தத் திடலின் மீது திடீர்ப் பாசம் பொங்கியது போன மாதம்தான். அதுவரை அவருக்கு அது "அந்த நாத்தம் பிடிச்ச இடம்". நகராட்சி தன் குப்பை லாரிகளை நிறுத்திவைத்த இடம் அது. லாரிகளை ஊருக்கு வெளியே கொண்டுபோன பிறகு முள்ளும் உடைந்த பாட்டில்களும்தான் அங்கே குடியிருந்தன. நான் அவர் வீட்டில் சமையல் செய்கிறேன். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் திடல்தான் தெரியும். "மூடித் தொலை, கொசு வருது" என்பார்.

சொந்த வீடில்லாதவர்களுக்கு நகராட்சி அங்கே அடுக்குமாடி கட்டப்போகிறது, இந்தப் பகுதியில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் முதலிடம் என்று சேதி வந்தது. உடனே அதே இடம் "நம்ம பசுமைவெளி" ஆகிவிட்டது. தெருவின் வீட்டுக்காரர்கள் சங்கத்துக்கு எங்கள் வீட்டம்மாதான் செயலாளர். முள்ளை வெட்டினார்கள், பெஞ்சு போட்டார்கள், புது ஷூ மாட்டிக்கொண்டு காலையில் வட்டமடித்தார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முட்டி வலி என்று பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் ஒற்றை அறையில் இருக்கிறோம்: நான், கணவர், மாமியார், கொழுந்தன், என் மகள். மகளுக்குப் பதிமூன்று வயது. அவள் உடை மாற்ற வேண்டுமென்றால் மற்ற எல்லோரும் வாசலில் போய் நிற்க வேண்டும். நான் கிளம்பும்போது தூங்குகிறாள், திரும்பும்போதும் தூங்குகிறாள். அவள் விழித்திருக்கும் முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கிறேன். அந்தத் திடலில் ஒரு வீடு கிடைத்தால்? ஆசைப்படவே பயமாக இருந்தது. ஆனாலும் வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் ஆசைப்பட்டேன்.

அது நாங்கள் தினமும் நடக்கிற இடம், கட்டடம் வேண்டாம் என்று சங்கம் நகராட்சிக்கு மனு கொடுத்தது. திடலை மக்கள் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, வீட்டம்மா அடுப்படிக்கே வந்து தேனொழுகப் பேசினார்.

"நாளைக்குக் காலையில நீயும் திடலுக்கு வந்துடு. டிரைவர், வாட்ச்மேன், இஸ்திரிக்காரர் எல்லாரும் வர்றாங்க. ஒவ்வொரு வீட்டுலேருந்தும் அவங்கவங்க ஆளுங்களைக் கூட்டிட்டு வரணும்னு பேசியிருக்கோம். கூட்டம் தெரியணும்ல?"

"வந்து என்னம்மா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா நடக்கணும். கேட்டா, தினமும் இங்கதான் நடக்கிறோம்னு கை தூக்கணும்."

என் ஒரே ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டு, எனக்குக் கிடைக்கக்கூடிய வீட்டை வேண்டாம் என்று சொல்ல என் கையையே தூக்கச் சொல்கிறார். வேண்டுமென்று செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவர் யோசிக்கவே இல்லை. எங்களுக்கும் வீடு வேண்டியிருக்கும் என்பது அந்தத் தெருவில் ஒருத்தர் மண்டையிலும் உதிக்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் திடல் நிறைய ஆட்கள். வீட்டுக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து மதில் நிழலில் ஒதுங்கிக்கொள்ள, வேர்க்க விறுவிறுக்க நடந்ததெல்லாம் நாங்கள்தான். அதிகாரி ஒரு சின்ன வயதுப் பெண். வந்தவர் குடையை மடக்கிவிட்டு, "தினமும் இங்க வர்றவங்க யார் யாரு?" என்று கேட்டார்.

கைகள் உயர்ந்தன. நான் மட்டும் தூக்கவில்லை. வீட்டம்மா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். அதைக் கவனித்த அதிகாரி நேரே என்னிடம் வந்தார்.

"நீங்க வர்றதில்லையாம்மா?"

இந்த வேலை போனால் அடுத்த வேலை கிடைக்கிறவரை என்ன செய்வதென்று தெரியாது. ஆனால் என் வாய் திறந்தால் சாமானியத்தில் மூடாது.

"இன்னைக்குத்தான் முதல் தடவை மேடம். அந்த வீட்டுல சமைக்கிறேன். கூட்டம் காட்டணும்னு கூட்டிட்டு வந்தாங்க. எனக்கு நடக்க இடம் வேண்டாம். பஸ்ஸுக்கு நடக்கிறதே போதும். படுக்கத்தான் இடம் வேணும். என் பொண்ணுக்குக் கதவு வச்ச ஒரு ரூம் வேணும். இங்க வீடு கட்டுங்க."

இஸ்திரிக்காரர் தூக்கியிருந்த கையைக் கீழே இறக்கினார்.

"நானும் இன்னைக்குத்தான் வந்தேன். என் பொண்டாட்டி ஒரு ஊர்ல, நான் ஒரு ஊர்ல. குடும்பம் நடத்த வீடு கிடைக்கல. எனக்கும் வேணும்."

டிரைவரின் கை இறங்கியது. வாட்ச்மேன் வானத்தைப் பார்த்துக்கொண்டே இறக்கினார். குழந்தை பார்த்துக்கொள்ள வந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு சேர்ந்து இறக்கினார்கள். கடைசியில் நிழலில் நின்றவர்களின் கைகள்தான் மேலே மிச்சமிருந்தன. அவர்களும் எவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டு நிற்பது என்று தெரியாமல் முழித்தார்கள்.

"நீங்க சொன்னதையும் மேல சொல்றேன்" என்றார் அதிகாரி. வீடு வருமா வராதா என்று அவர் வாயைத் திறக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டம்மா முகம் சிவக்க வந்தார். "உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"சரி, வேலைக்கு வரலம்மா" என்றேன். "பக்கத்து வீட்டுக்காரியா வர்றேன்."