பன்னிரண்டு மில்லிமீட்டர்

கட்டுமானத் தளத்தில் அவளுக்கு லெவல் என்று பெயர். சான்றிதழில் இருக்கும் பெயரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. முக்காலியை நிறுத்தி, அதன் மேல் லெவல் கருவியை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வேலையே பெயராக ஒட்டிக்கொண்டது. கையெழுத்து வேண்டும்போது மட்டும் மேடம் ஆவாள்.

புறநகர் ரயிலுக்கு இருக்கிற இரண்டு பாதை போதாது என்று மூன்றாவதும் நான்காவதும் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடுகிற வண்டியை நிறுத்தாமல், பழைய பாதையிலிருந்து நாலு மீட்டர் தள்ளிக் குழி தோண்டித் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். குழியில் ஊறுகிற தண்ணீரை இரண்டு மோட்டார்கள் ஓயாமல் இறைத்தன. தண்ணீரோடு மண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், சுற்றியிருக்கும் தரை இறங்கும். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் மணிக்கொரு தடவை அளவு. ஐந்து மில்லிமீட்டர் இறங்கினால் மேனேஜருக்குச் சொல்ல வேண்டும். பத்து இறங்கினால் ரயில்வே கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து வண்டிகளை ஊர்ந்து போகச் சொல்ல வேண்டும்.

இருபத்தொரு நாளாக அவள் எழுதியது ஒரே வார்த்தைதான்: மாற்றமில்லை.

அன்று காலை முதல் அளவை முடித்துவிட்டு ஸ்டோர் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வண்டி மாறி, நின்றுகொண்டே வந்ததில் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிக் கிடந்தன. பக்கத்தில் அளவுகோல் பிடிக்கிற அக்கா கோலைச் சுவரில் சாத்திவிட்டுக் கண்ணை மூடியிருந்தாள். தச்சர் கொட்டகைக் கதவை இழைத்துக்கொண்டிருந்தார். கதவு தரையில் உரசுகிறது என்று ஸ்டோர்காரர் அவரைக் கூப்பிடுவது இது மூன்றாவது தடவை. மரம் சரியில்லை என்று இவர் சொல்ல, கை சரியில்லை என்று அவர் சொல்ல, பேச்சு வளர்ந்துகொண்டே போனது.

"மூணு தடவ இழைச்சாச்சுங்க," என்றார் தச்சர். "செடிய வெட்டுனா வளரும். கதவுமா வளரும்?"

அக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். லெவலும் சிரிக்க வாய் திறந்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கதவு வளராது. அப்படியானால் கதவின் நிலை ஒரு பக்கம் இறங்குகிறது. நிலை இறங்கினால் கொட்டகை இறங்குகிறது. கொட்டகையின் கான்கிரீட் அடிப்பாகத்தில் ஒரு சிவப்பு முக்கோணம் இருந்தது. அவள் கையாலேயே தீட்டியது. தண்டவாளத்தை எதோடு ஒப்பிட்டு அளக்கிறாளோ, அந்த அசையாத புள்ளி அதுதான்.

முதலில் இருந்த புள்ளி தூரத்தில் ஒரு கல்லில் இருந்தது. ஜல்லி லாரி பின்னால் வந்து அதைச் சாய்த்துவிட்டது. புதுப் புள்ளி குழியிலிருந்து ஐம்பது மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்; பரீட்சையில் இதே கேள்விக்குப் பதில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான். மேனேஜர், "இங்கயே கொட்டகையில வெச்சுக்கம்மா, ரெண்டு நாளைக்குத்தான்," என்றார். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. சரி சார் என்று பிரஷ்ஷை எடுத்தாள். தண்டவாளம் இறங்கியது, அதை அளக்கிற புள்ளியும் கூடவே இறங்கியது. இரண்டும் ஜோடி போட்டுக்கொண்டு இறங்கினால் கருவி பாவம் என்ன செய்யும்?

"எழுந்திரு அக்கா," என்றாள். "கோல எடு."

பழைய ரயில் பாலத்துத் தூணில் ரயில்வேக்காரர்கள் உயரம் குறித்துச் செதுக்கிய அடையாளம் ஒன்று இருந்தது. நானூற்றைம்பது மீட்டர். வேலிக்கு வெளியே, முள்ளிலும் குப்பையிலும், கருவியை இடம் மாற்றி மாற்றி வைத்து அங்கிருந்து கொட்டகை வரை அளந்து வந்தார்கள். நம்ப முடியாமல் திரும்ப ஒரு தடவை நடந்தார்கள். அக்கா கோலை ஆட்டாமல் பிடித்தாள். கொட்டகை இறங்கியது பதினொன்று. தண்டவாளம் அதைவிட ஒன்று கூட.

பன்னிரண்டு.

மேனேஜரின் அறை ஒரு கன்டெய்னர். இரண்டு வருடமாக லீவு எடுக்காத மனிதர். மேசையில் பிரஷர் மாத்திரையும், ஆறி ஆடை கட்டிய டீயும். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். நாளைக் காலை கான்கிரீட் வருகிறது, சுவர் நின்றுவிட்டால் குழியை மூடிவிடலாம் என்றார். ஆபீஸ் நேரத்தில் வண்டியை ஊரவிட்டால் ஊரே நாறிப்போகும் என்றார். நாளை மாலை போன் செய்துகொள்ளலாம் என்றார்.

"இருபத்தொரு நாள் போயிருக்கு. ஒரு நாள் தாங்காதா?"

"தாங்கும்னு எழுதிக் குடுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பொண்ணு மாதிரி நெனச்சுச் சொல்றேன். அந்த முக்கோணம் நீ தீட்டுனது. தினம் தாள்ல உன் கையெழுத்து. இதுல நான் எங்கயுமே இல்லம்மா."

மிரட்டல் இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். அவள் வீட்டில் முதல் பட்டதாரி. அவளை இங்கே வைத்திருப்பதே அளக்க அல்ல, பழியைத் தாங்க ஒரு கையெழுத்து வேண்டும் என்றுதான் போலிருக்கிறது. அவளை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த மேசை இழுப்பறையில்தான் கிடந்தது; ஒன்றாம் தேதி கைக்கு வரும். அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்தாகிவிட்டது. மூட்டை தூக்குகிற அப்பா மட்டும், "இனிமே உக்காந்து பாக்குற வேலையாம்மா?" என்று கேட்டார்.

ஒரு வண்டி போனது. கன்டெய்னர் அதிர்ந்தது, டீ டம்ளர் மேசையில் ஒரு விரற்கடை நகர்ந்தது. வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்கியவர்களின் சட்டைகள் ஜன்னலில் வரிசையாகப் பறந்து மறைந்தன.

பெரிதாக எதையும் யோசித்து முடிவெடுத்த மாதிரி இல்லை. கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பினாள். ஆபத்தைக் கண்டால் யாரும் கூப்பிடலாம் என்று பின்பக்கம் ரயில்வே கட்டுப்பாட்டு அறையின் எண் அச்சிட்டிருந்தது. கூப்பிட்டாள்.

இடம் எது, அளவு எவ்வளவு, எப்போது எடுத்தது என்று ஒரு தூங்கி வழிகிற குரல் வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டது. பிறகு, "உங்க தளத்துத் தாள்ல நேத்து வரைக்கும் மாற்றமில்லைன்னு இருக்கே?" என்றது.

"நேத்து வரைக்கும் தப்பா எழுதியிருக்கு."

"யாரு எழுதுனது?"

"நான்தான்."

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "வண்டிய இருபது கிலோமீட்டர் வேகத்துல விடச் சொல்றேன். லைன்லயே இருங்க."

மேனேஜர் போனைப் பிடுங்கவில்லை. ஒரு மாத்திரையைப் பிரித்து, அந்த ஆறிய டீயிலேயே விழுங்கினார்.

மதியத்துக்குள் ரயில்வே அதிகாரிகள் தங்கள் கருவியோடு வந்து அளந்தார்கள். பதின்மூன்று. மோட்டாரை நிறுத்தச் சொன்னார்கள். மூன்று வாரம் தோண்டிய குழியை அரை நாளில் மணல் கொட்டி நிரப்பினார்கள். அறிக்கையில் கருவிக் கோளாறு என்று ஒரு வரி எழுதினால் போதும், கருவிக்கு வேலை போகாது என்று மேனேஜர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவள், புள்ளியை மாற்றச் சொன்னது யார், மாற்றித் தீட்டியது யார் என்று இரண்டையும் எழுதினாள். அவர் படித்தார். அட்டையைக் கேட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். கோபம்கூட இல்லை, அதற்குத் தெம்பு வேண்டாமா?

அக்கா வேலி வரை கூட வந்தாள். "அடுத்து எவன் வரப்போறானோ," என்றாள். "கோல நேராப் புடின்னு எனக்கே பாடம் எடுப்பான் பாரு."

திரும்புகிற வண்டியில் நிற்கவும் இடமில்லை. தளம் நெருங்கியதும் வண்டி ஊர ஆரம்பித்தது. பெட்டி முழுக்க வசவு. குழந்தையைக் கூட்டிவரப் போக வேண்டும் என்று ஒருவர் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். தோளோடு தோள் நெருக்கி நின்ற ஒரு பெண், லெவலின் ஆரஞ்சுச் சட்டையைக் கழுத்திலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நீங்க அங்கதான வேல பாக்குறீங்க? என்னவாம்?"

"தண்டவாளம் இறங்கிருச்சு. அளந்தது தப்பு."

"யாரு அளந்தது?"

"நான்தாங்க."

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. களைத்துப்போன கண்ணோடு அப்படியே பார்த்தாள்.

"முன்னாடியே பாத்திருக்கக் கூடாதா?"

"பாத்திருக்கணும்," என்றாள் லெவல்.

அந்தப் பெண் கையைக் கொஞ்சம் நகர்த்தி, கம்பியில் லெவல் பிடிக்க இடம் விட்டாள். வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது.