முதலாளி பக்கத்து நாற்காலி

பணிமனையில் பேருந்துக்கு அடியில் படுத்துக்கொண்டு அவன் ஸ்பானர் கேட்டால் வாசல் காவலாளி எழுந்து வருவார். அப்படியொரு குரல். சங்கு என்ற பட்டப்பெயர் அதனால்தான் ஒட்டிக்கொண்டது. கால்பந்து மைதானத்தின் கிழக்குப் படிக்கட்டில் நின்று அவன் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் கூட்டம் மொத்தமும் வாங்கிப் பாடும். "இன்னைக்கு நமக்குச் சங்குதான்டா" என்று எதிரணிக்காரர்களே சிரிப்பார்கள்.

புது முதலாளி ஊர்க் கால்பந்து கிளப்பை வாங்கிய பிறகு பாட்டு குறைந்து புலம்பல் கூடியது. நன்றாக ஆடியவர்களை ஒவ்வொருவராக விற்றார். படிக்கட்டில் பாதியை இடித்து, விருந்தாளிகளுக்கு மெத்தை நாற்காலி போட்டுப் பால்கனி கட்டினார். கடைசியில் அணியின் பச்சைச் சட்டையிலேயே கை வைத்தார். அடுத்த வருடம் முதல் அவர் கம்பெனியின் ஊதா நிறமாம்.

"கத்திக் கத்தி என்னத்தைக் கண்டோம்?" என்று ரசிகர்களைக் கூட்டி வைத்துச் சொன்னவன் சங்குதான். "இந்தத் தடவை வாயை மூடுவோம். கோலே விழுந்தாலும் ஒரு சத்தம் வரக் கூடாது. காலி மைதானத்துல உக்காந்திருக்கற மாதிரி அந்தாளுக்கு இருக்கணும்."

அவன் மனைவியின் தம்பி சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவன்; படிக்கட்டில் மேளம் அவன் பொறுப்பு. "மேளத்தை வீட்டுலயே வச்சிட்டு வரேன் மாமா" என்றான்.

ஆட்டத்தன்று வாசலில் கிளப் மேனேஜர் காத்திருந்தார். "முதலாளி உங்களை மேல கூப்பிடறாரு. கொஞ்சம் பேசணுமாம்."

நல்லதாகப் போயிற்று, நேருக்கு நேராகக் கேட்டுவிடலாம் என்று சங்கு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக ஏனோ தோன்றவில்லை.

பால்கனியில் முதலாளி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானே சங்கு? உங்க குரலைக் கேக்கறதுக்குன்னே மேட்சுக்கு வரேன் நான்."

அவ்வளவுதான். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அடுக்கி வைத்திருந்த கேள்விகள் வெயில் பட்ட வெண்ணெயாகிவிட்டன. கிளப் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை என்று அவர் சொன்னார். "அது சரிதாங்க" என்றது இவன் வாய். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். தன் பக்கத்து நாற்காலியை அவரே நகர்த்திப் போட்டார். இடைவேளையில் கேட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தான். இடைவேளை வந்தது, கேக் வந்தது, இரண்டும் போயின.

கீழே ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஷூ பந்தை உதைக்கும் ஓசை பால்கனி வரை வந்தது. சொன்ன சொல்லை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று அவனுக்கு நெஞ்சு விம்மியது.

"என்ன, இன்னைக்கு உங்க ஆளுங்க இவ்வளவு அமைதி?" என்று முதலாளி கேட்டார்.

"தெரியலீங்க" என்றான் சங்கு.

அந்தச் சொல் வாயை விட்டுப் போன மறுகணம், பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் இரண்டு பேரை ஏமாற்றிப் பந்தை வலைக்குள் தள்ளினான். படிக்கட்டில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு கிழவர் சால்வையைக் கடித்துக்கொண்டு அழுதார். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, "கோல்! அடிச்சான் பாருடா!" என்று கத்தியது ஒரே ஒரு குரல்தான்.

அது யார் குரல் என்று எவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தனை தலைகளும் அண்ணாந்தன. முதலாளி அவன் முதுகில் தட்டி, பத்திரிகைக்காரர்கள் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? உண்மையான ரசிகர் நம்ம பக்கம்தான்" என்றார். சங்குவின் கண் கீழே மச்சானைத் தேடியது. மச்சான் முறைக்கவில்லை. தப்புச் செய்தது தான்தான் என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

கூட்டம் கலையும்வரை பின்மாடிப்படியில் ஒளிந்திருந்துவிட்டு வெளியே வந்தான். மச்சான் பைக்கோடு நின்றிருந்தான்.

"ஏறுங்க மாமா."

"நான் கேக்கத்தான்டா போனேன்."

"கேட்டீங்களா?"

சங்கு ஏறி உட்கார்ந்தான்.

மறுநாள் பத்திரிகையில் அவன் பல்லிளித்த படம். "பெரிய ஆளாயிட்டே!" என்று பணிமனை மேஸ்திரி கை குலுக்கியபோது எஞ்சினுக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

அந்த வாரம் ரசிகர்கள் மறுபடி கூடினார்கள். அவனுக்கும் இடம் விட்டார்கள். அவன் உட்காரவில்லை.

"ஏன் அமைதின்னு அவரு என்னைக் கேட்டாரு. தெரியலைன்னு சொல்லிட்டேன். கத்துனது பழக்க தோசம். இது அப்படி இல்ல. தெரிஞ்சுதான் சொன்னேன்."

"இதை எங்ககிட்ட மறைச்சிருக்கலாமேண்ணே" என்றாள் பேருந்து நடத்துனராக இருக்கும் ஒரு பெண், பரிவோடு. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

ஊதா வந்தே விட்டது. ஆனால் படிக்கட்டு பழைய பச்சையிலேயே நின்று பாடுகிறது. இப்போது வரி எடுத்துக் கொடுப்பது அந்த நடத்துனர் பெண். சங்கு கடைசி வரிசையில் நின்று, பக்கத்திலிருப்பவருக்கு மட்டும் கேட்கிற அளவில் கூடப் பாடுகிறான். சில சமயம் அவள் தொண்டை கட்டிப்போய், "நீங்க எடுங்கண்ணே" என்று திரும்பிக் கை காட்டுவாள். அவன் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்யத் தொடங்குவான்.